தலித்: சொற்பொருளும் வரலாறும்

தலித் என்பது இந்தியத் துணைக்கண்டத்தில் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் மக்கள் தங்களைக் குறிக்க ஏற்றுக்கொண்ட பொதுப்பெயர். நொறுக்கப்பட்டவர், பிளக்கப்பட்டவர், ஒடுக்கப்பட்டவர் என்பன இதன் பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மராத்தி, இந்தி மொழிகளின் பொதுவாழ்வில் புழங்கத் தொடங்கிய இச்சொல், 1972இல் மும்பையில் உருவான தலித் சிறுத்தைகள் இயக்கத்தால் நாடெங்கும் பரவியது. தமிழில் இது 1990களில் வேரூன்றியது. இந்திய அரசியலமைப்பு இம்மக்களைப் பட்டியல் சாதியினர் என்றும், தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் என்றும் குறிக்கின்றன.

இம்மக்களைச் சுட்டப் பல காலங்களில் பல பெயர்கள் வழங்கின. ஊரார் இட்டவை, அரசு இட்டவை, சீர்திருத்தக்காரர் இட்டவை, அம்மக்களே சூட்டிக்கொண்டவை என அவற்றை வகைப்படுத்தலாம். ‘தலித்’ கடைசி வகையைச் சேர்ந்தது. அதே வகையைச் சேர்ந்த ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர், நாங்கள் யார் என்று சொல்கிறது. ‘தலித்’ என்ற பெயர், எங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்று சொல்கிறது.

சொற்பிறப்பு

இச்சொல் சமஸ்கிருதத்தின் ‘தல்’ என்னும் வேரிலிருந்து வந்தது. வெடித்தல், பிளத்தல், உடைதல் என்பன அவ்வேரின் பொருள்கள். அதன் செயப்பாட்டு எச்ச வடிவமே ‘தலித’. உடைக்கப்பட்ட, பிளக்கப்பட்ட என்று பொருள்படும். வில்வ தளம், துளசி தளம் என்று தமிழர் வழிபாட்டில் வழங்கும் ‘தளம்’ (இலை, இதழ்) என்ற சொல்லும், உடைத்த பருப்பைக் குறிக்கும் இந்தியின் ‘தால்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மோல்ஸ்வொர்த் தொகுத்த மராத்தி - ஆங்கில அகராதியில் இச்சொல் அரைக்கப்பட்டது, உடைக்கப்பட்டது என்ற நேர்ப்பொருளில் இடம்பெற்றுள்ளது.

சொல்லின் இலக்கண வடிவம் கவனிக்கத்தக்கது. உடைக்கப்பட்டது என்றால் உடைத்தவர் ஒருவர் இருக்கிறார். தமிழில் ‘தாழ்ந்தவர்’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்டவர்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. முன்னது பிறப்பைக் காரணமாக்கும். பின்னது செய்தவரைத் தேடச் சொல்லும். இழிவு பிறப்பில் இல்லை, இழைக்கப்பட்ட கொடுமையில் இருக்கிறது என்ற கருத்தைச் சொல்லின் வடிவமே தாங்கி நிற்பதால்தான், துன்பத்தைப் பொருளாகக் கொண்ட ஒரு சொல் தன்மானத்தின் பெயராக மாற முடிந்தது.

மகாராட்டிரச் சீர்திருத்தவாதி சோதிராவ் புலே (1827–1890) இச்சொல்லைச் சமூகப் பொருளில் முதலில் ஆண்டவர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எனினும் 1873இல் சத்யசோதக் சமாஜத்தை நிறுவி, அதே ஆண்டு ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்ட புலே, தம் எழுத்துகளில் சூத்திரர், அதிசூத்திரர் என்ற சொற்களையே மிகுதியாகக் கையாண்டார்.

தமிழகத்தில் முன் வழங்கிய பெயர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஊர்களின் குடியிருப்புகளைப் பட்டியலிடும்போது பறைச்சேரி, கம்மாணச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரி என்பதையும் குறிப்பிடுகிறது. சேரி என்ற சொல் அக்காலத்தில் எல்லாச் சமூகத்தாரின் குடியிருப்புக்கும் பொதுவாக இருந்தது. பார்ப்பனச் சேரிகளும் இருந்தன. காலப்போக்கில் அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டோரின் வாழிடத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது.

நான்கு வருணங்களுக்கு வெளியே ஐந்தாமவர் என்ற பொருளில் ‘பஞ்சமர்’ என்ற பெயர் ஆங்கிலேயர் கால ஆவணங்களில் நிலைபெற்றது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் இம்மக்களின் நிலைபற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க முடிவாயிற்று. அந்நிலங்கள் இன்றும் ‘பஞ்சமி நிலம்’ என்றே அழைக்கப்படுகின்றன. பெயர் வழக்கொழிந்தபின்னும் அந்நிலங்களை மீட்கும் போராட்டத்தில் அது உயிரோடிருக்கிறது.

பறையர் என்ற தமிழ்ச் சாதிப்பெயர் போர்ச்சுக்கீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, ‘ஒதுக்கித் தள்ளப்பட்டவர்’ என்ற பொதுப்பொருளில் இன்றும் அங்கே வழங்குகிறது. இழிவுச் சொல்லாக்கப்பட்ட அந்தப் பெயரையே இரட்டைமலை சீனிவாசன் துணிந்து தம் இதழுக்குச் சூட்டினார். 1893இல் சென்னையில் தொடங்கிய ‘பறையன்’ இதழ் 1900 வரை வந்தது. தன்னைத் தன் பெயரால் வெளிப்படுத்திக்கொள்ள ஒருவர் அஞ்சும் வரை உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வேறு வழியில் சென்றார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவிய அவர், இம்மக்கள் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று வாதிட்டார். பௌத்தத்தை ஏற்றதாலேயே அவர்கள் தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் விளக்கம். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தினார். அது பின்னர் ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது.

ஆதிதிராவிடர்

பஞ்சமர், பறையர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ்ப் பகுதியினரை ஆதிதிராவிடர் என்றும் தெலுங்குப் பகுதியினரை ஆதி ஆந்திரர் என்றும் குறிக்க வேண்டும் என்று எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் 1922 ஜனவரி 20 அன்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறி, அதே ஆண்டு மார்ச்சில் அரசாணையாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களின் கோரிக்கையை ஏற்று அரசு அவர்கள் பெயரை மாற்றிய முன்னோடி நிகழ்வுகளுள் இது ஒன்று.

ஏறத்தாழ அதே காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் ‘ஆதி’ இயக்கங்கள் எழுந்தன. ஐதராபாத்தில் பாக்கியரெட்டி வர்மாவும், ஐக்கிய மாகாணத்தில் ஆதி இந்து இயக்கத்தை நடத்திய சுவாமி அச்சுதானந்தரும், பஞ்சாபில் 1926இல் ஆத் தர்மத்தை உருவாக்கிய மங்கூராமும் இதில் குறிப்பிடத்தக்கவர்கள். மண்ணின் மூத்த குடிகள் நாங்கள், பின்னால் வந்தவர்கள் எங்களை வீழ்த்தினார்கள் என்ற வரலாற்றுரிமையே இவ்வியக்கங்களின் பொது அடித்தளம்.

அரசு நிர்வாகப் பெயர்கள்

ஆங்கிலேய நிர்வாகம் இம்மக்களை ‘தாழ்த்தப்பட்ட வகுப்பினர்’ என்று பொருள்படும் தொடரால் குறித்தது. அதன் இந்தி, மராத்தி வடிவமாகவே ‘தலித்’ என்ற சொல் 1920களில் பொதுவெளிக்கு வந்தது. தில்லியில் சுவாமி சிரத்தானந்தர் நடத்திய தலித்தோத்தார் சபையின் பெயரில் அது இருந்தது. எனவே இச்சொல் முதலில் சீர்திருத்தக்காரர் வாயிலும் நிர்வாகத்தின் ஏடுகளிலும் புழங்கி, பிறகே அம்மக்களின் சொந்தப் பெயராயிற்று.

தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்ற பெயர் அம்மக்களின் தலைவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் 1931இல் சேர்ந்து அளித்த துணை மனுவில் பெயர் மாற்றத்துக்கென்றே ஒரு பகுதி இருந்தது. அப்பெயர் இழிவானது, உதவிக்கு ஏங்கி நிற்பவர் என்ற எண்ணத்தைத் தருவது என்று கூறி, ‘சாதியில்லா இந்துக்கள்’ போன்ற மாற்றுகளை அவர்கள் முன்வைத்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘புறச்சாதிகள்’ என்ற பொருளுள்ள சொல்லை ஆண்டது.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் சாதிகளின் பெயர்களைப் பட்டியலிடும் முறை வந்தது. ‘பட்டியல் சாதியினர்’ என்ற பெயரின் தோற்றம் அதுவே; அதை ஒட்டி 1936இல் வெளியான ஆணை அச்சாதிகளைப் பட்டியலிட்டது. பொருளோ வரலாறோ இல்லாத, சட்டத்தின் இணைப்புப் பட்டியலில் இருப்பவர் என்பதை மட்டும் சொல்லும் பெயர் இது. ஆயினும் இட ஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆகிய உரிமைகள் அனைத்தும் இப்பெயரோடு பிணைந்திருப்பதால் இதன் நடைமுறை மதிப்பு பெரிது.

அரிஜன்

தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் தேர்தல் பிரதிநிதித்துவம் பற்றி 1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்துக்குப் பின் காந்தியடிகள் ‘அரிஜன்’ என்ற பெயரைப் பரப்பினார். அரியின் மக்கள் என்பது இதன் பொருள். பதினைந்தாம் நூற்றாண்டுக் குசராத்திக் கவிஞர் நரசிம்ம மேத்தா ஆண்ட சொல் இது. 1932இலேயே அரிஜன சேவா சங்கமும், 1933 பிப்ரவரியில் ‘ஹரிஜன்’ வார இதழும் தொடங்கின. தமிழ்நாட்டு ஊர்களில் இப்பெயர் தெருப்பெயராகவும் பள்ளிப்பெயராகவும் நெடுங்காலம் நிலைத்தது.

அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் இப்பெயர் இடம்பெற்றதை எதிர்த்து அவரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தனர். ஒரு பிரிவினரை மட்டும் கடவுளின் மக்கள் என்று தனித்துச் சொல்வது பரிவின் மொழியே ஒழிய உரிமையின் மொழி ஆகாது என்ற எதிர்ப்பு வலுத்தது. 1982இல் இந்திய அரசு சாதிச் சான்றிதழ்களில் இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

அம்பேத்கரின் பங்கு

அம்பேத்கர் தம் மராத்தி எழுத்துகளில் பல சொற்களை ஆண்டார். 1924இல் அவர் நிறுவிய சபைக்கும், 1927இல் தொடங்கிய ‘பகிஷ்கிருத பாரத்’ இதழுக்கும் ‘விலக்கப்பட்டவர்’ என்ற சொல்லையே தேர்ந்தார். ‘தலித்’ என்ற சொல்லின் கருப்பொருள் அவரிடம் முழு வடிவம் பெற்றது 1948இல் வெளியான ‘தீண்டப்படாதோர்’ என்ற ஆங்கில நூலில்தான். பழங்காலப் போர்களில் தோற்றுச் சிதறிய குழுக்கள், நிலைத்துக் குடியமர்ந்த ஊர்களின் எல்லையில் காவலுக்கு வைக்கப்பட்டன. அந்த ‘உடைந்த மனிதர்களே’ பின்னாளில் தீண்டப்படாதோர் ஆக்கப்பட்டனர் என்று அதில் வாதிட்டார். பௌத்தத்தைக் கைவிடாமையும் மாட்டிறைச்சி உண்பதும் அதற்குக் காரணங்களாயின என்றார். இக்கோட்பாட்டின் சில கூறுகள் அயோத்திதாசரின் விளக்கத்தை நினைவூட்டுகின்றன. தீண்டப்படாதோரில் பிறந்து புகழ்பெற்ற நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு இந்நூல் படைக்கப்பட்டது.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினர். இது பெயர்ச் சிக்கல் ஒன்றை உருவாக்கியது. பௌத்தரானவர்கள் அன்றைய சட்டப்படி பட்டியல் சாதியினர் அல்லர். பட்டியல் சாதியினராகவே நீடித்தவர்களையும் மதம் மாறியவர்களையும் ஒருசேரச் சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘தலித்’ மகாராட்டிரத்தில் பரவ இது ஒரு முக்கியக் காரணம். 1958இல் மும்பையில் நடந்த தலித் இலக்கிய மாநாட்டை எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே தொடங்கிவைத்தார். 1960களில் பாபுராவ் பாகுலின் சிறுகதைகள் இவ்விலக்கியத்துக்கு உரம் சேர்த்தன.

தலித் சிறுத்தைகள்

தலித் என்ற பெயர் அரசியல் முழக்கமானதில் தமிழர் ஒருவரின் பங்கு உண்டு. சிதம்பரம் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் நடுவண் அரசு அமைத்த குழு, நாடு முழுதும் தீண்டாமையின் நிலையை ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்தது. கொலை, தீவைப்பு, பாலியல் வன்முறை, பொதுக்கிணறு மறுப்பு எனக் குவிந்த செய்திகள் 1970இல் வெளிவந்தபோது மும்பையின் இளம் எழுத்தாளர்கள் கொதித்தனர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கருஞ்சிறுத்தைக் கட்சியை முன்மாதிரியாகக் கொண்டு 1972இல் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் முதலியோர் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினர். ராஜா தாலே அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார்.

1973இல் வெளியான அவர்களின் அறிக்கை தலித் என்ற சொல்லுக்கு மிக விரிந்த வரையறை தந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், நவ பௌத்தர், தொழிலாளர், நிலமற்றோர், ஏழை உழவர், பெண்கள் என அரசியலாலும் பொருளாதாரத்தாலும் மதத்தின் பெயராலும் சுரண்டப்படும் அனைவரும் தலித்துகளே என்றது. நடைமுறையில் இச்சொல் தீண்டாமைக்கு ஆளான சாதிகளையே பெரும்பாலும் குறித்தது. விரிந்த பொருளா, குறுகிய பொருளா என்ற விவாதம் இயக்கத்துக்குள்ளேயே மூண்டது. மார்க்சியத்தின்பால் சாய்ந்த தசாலும் அம்பேத்கரிய பௌத்தத்தை வலியுறுத்திய தாலேயும் 1974இல் பிரிந்தனர். இயக்கம் சிதைந்தாலும் அது பரப்பிய பெயர் நிலைத்தது.

தமிழில் தலித்

திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் செல்வாக்குப் பெற்றிருந்த தமிழ்நாட்டில் ‘தாழ்த்தப்பட்டோர்’, ‘ஆதிதிராவிடர்’, ‘விவசாயக் கூலிகள்’ என்பனவே நெடுங்காலம் வழங்கின. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலிப் போராட்டத்தின் விளைவாகவே பெரிதும் பேசப்பட்டது. இறந்தவர்கள் தலித்துகள் என்பதை முன்னிறுத்திய வாசிப்பு பிற்காலத்தில் வந்தது.

1980களில் மதுரையில் அ. மலைச்சாமி தலித் சிறுத்தைகள் அமைப்பைக் கட்டினார். 1989இல் அவர் இறந்தபின், 1990இல் தொல். திருமாவளவன் தலைமையேற்றார். அதுவே விடுதலைச் சிறுத்தைகள் ஆகி 1999இல் தேர்தல் அரசியலுக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து மும்பை வழியாக வந்த ‘சிறுத்தை’ இவ்வாறு தமிழ் அரசியலின் சொல்லாயிற்று.

1990-91இல் அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது அவர் எழுத்துகள் தமிழில் பரவலாக வாசிக்கப்பட்டன. ‘நிறப்பிரிகை’ போன்ற சிற்றிதழ்கள் தலித் அரசியலையும் இலக்கியத்தையும் விவாதித்தன. பூமணியின் ‘பிறகு’ (1979), சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) ஆகிய நாவல்கள் முன்னோடிகளாகக் கொள்ளப்பட்டன. 1992இல் வெளியான பாமாவின் ‘கருக்கு’, கிறித்தவத் திருச்சபைக்குள் நிலவிய சாதியையும் பேச்சுமொழியின் வலிமையையும் ஒருங்கே வெளிப்படுத்தியது. ராஜ் கௌதமன் 1993இல் வெளியிட்ட ‘தலித் பண்பாடு’ இச்சொல்லுக்குத் தமிழில் கோட்பாட்டு அடித்தளம் இட்டது. 1997இல் தொடங்கிய ‘தலித் முரசு’ பெயரைத் தலைப்பிலேயே ஏந்தியது. தலித்தியம், தலித் பெண்ணியம் என்ற ஆக்கச்சொற்களும் இக்காலத்தில் தோன்றின.

இலங்கை

யாழ்ப்பாணத்தில் ‘பஞ்சமர்’ என்ற சொல் ஐந்து ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்த்துக் குறித்தது. அமைப்பாகத் திரண்டவர்கள் 1940களில் ‘சிறுபான்மைத் தமிழர்’ என்ற பெயரைத் தேர்ந்து மகாசபை நடத்தினர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. இப்போராட்டங்களின் பின்னணியில் கே. டானியல் எழுதிய ‘பஞ்சமர்’ நாவல் 1972இல், மும்பையில் சிறுத்தைகள் தோன்றிய அதே ஆண்டில், வெளிவந்தது. ஈழத் தமிழரிடையே ‘தலித்’ என்ற சொல் பின்னரே, பெரிதும் புலம்பெயர்ந்தோர் எழுத்துகள் வழியாக, இடம்பிடித்தது.

சட்டமும் அரசும்

இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 341ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை அறிவிக்க வழிசெய்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணை பெரும்பாலும் இந்துக்களையே உள்ளடக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர், இசுலாமியர் ஆனவர்கள் இன்றும் வெளியே நிற்கின்றனர். ‘தலித் கிறித்தவர்’ என்ற தொடர் சட்டத்தில் இல்லாத, வாழ்வில் இருக்கும் ஒரு மக்கள் பிரிவைச் சுட்டுகிறது. சட்டப்பெயரும் சமூகப்பெயரும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே தெளிவான சான்று.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20.14 கோடி, அதாவது 16.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் அவர்கள் 20 விழுக்காட்டினர். 2008இல் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம், ‘தலித்’ என்ற சொல் அரசியலமைப்பில் இல்லாததால் அலுவல் ஆவணங்களில் வேண்டாம் என்றது. 2018இல் நடுவண் தகவல் ஒலிபரப்புத் துறை, நீதிமன்ற ஆணைகளைச் சுட்டி, ஊடகங்களும் இச்சொல்லைத் தவிர்க்குமாறு கூறியபோது எழுத்தாளரும் இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தனர். அரசு தன் கோப்புகளில் சட்டப்பெயரை எழுதுவது முறைதான். மக்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரை மற்றவர் வாயிலிருந்தும் நீக்கச் சொல்வது அவர்களின் உரிமையில் கைவைப்பதாகும்.

அண்டை நாடான நேபாளத்தில் இச்சொல்லே சட்டப்பெயர். 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 40ஆம் பிரிவு தலித் உரிமைகளை வெளிப்படையாக வரையறுக்கிறது.

ஏற்பும் மறுப்பும்

பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை, ஒரு பெயரை வேண்டாம் எனும் உரிமையையும் உள்ளடக்கியது. தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பலர் தலித் என்ற அடையாளத்தை ஏற்பதில்லை. ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரில் இணைக்கும் சட்டத் திருத்தம் 2021இல் நிறைவேறியது. பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும் என்ற கோரிக்கையும் அவர்களிடையே உள்ளது. அருந்ததியர் அமைப்புகள் தலித் என்ற பொதுப்பெயருக்குள் தங்கள் குரல் அமிழ்ந்துவிடுவதைச் சுட்டிக்காட்டின. 2009இல் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. பகுஜன் சமாஜ் கட்சியின் நிறுவனர் கன்ஷிராம், ஒடுக்கப்பட்டவர் என்பதைவிடப் பெரும்பான்மையினர் என்பதே ஆட்சிக்கு அழைத்துச் செல்லும் என்று கருதி ‘பகுஜன்’ என்ற சொல்லை முன்னிறுத்தினார். எழுத்தாளர் சிலர் ‘தலித் எழுத்தாளர்’ என்ற வகைப்பாட்டுக்குள் அடைபட விரும்புவதில்லை.

இம்மறுப்புகள் அனைத்தும் ஒரு பொதுக்கருத்தில் நிற்கின்றன: தன் பெயரைத் தானே முடிவுசெய்ய வேண்டும். ‘தலித்’ என்ற சொல்லை ஏற்றவர்களும் அதையே செய்தனர். ஆகவே இச்சொல்லைப் பொதுவான அரசியல், பண்பாட்டு அடையாளமாகக் கையாளும்போது, குறிப்பிட்ட சமூகமோ தனிமனிதரோ வேறு பெயரை விரும்பினால் அதை மதிப்பதே சரியான வழக்கு.

தமிழ்நாட்டில் தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களும் இவ்விவாதத்தின் பகுதியாகியுள்ளன. ‘காலனி’ என்ற சொல் தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைச் சுட்டும் அடையாளமாகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயர் மாற்றம் தேவையானது, போதுமானதன்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நொறுக்கப்பட்டவர் என்று ஒரு மக்கள்திரள் தன்னை அழைத்துக்கொள்ளக் காரணமான செயல்கள் நிற்கும் வரை, அச்செயல்களுக்குப் பொறுப்பானவர்களை நோக்கிய கேள்வியாக இப்பெயர் வழக்கில் இருக்கும்.